முப்பது அடியைப் பங்கு போட்ட ஊர்

அமெரிக்காவின் வடகிழக்கில், நியூ ஹாம்ப்ஷயர் மலைகளில் உருவாகும் மெரிமாக் ஆறு நேர் தெற்காக இறங்கி வருகிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்துக்குள் நுழைந்த கொஞ்ச தூரத்தில் சட்டென்று கிழக்கே திரும்பி அட்லாண்டிக்கை நோக்கிப் போகிறது. அந்தத் திருப்பத்தில் இருப்பது பாட்டக்கெட் அருவி. செங்குத்தாக விழுந்து பார்ப்பவரை மலைக்க வைக்கும் அருவி இல்லை. ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் தூரத்துக்குப் பாறைகளின் மேல் புரண்டு, நுரைத்து, மொத்தமாக 32 அடி இறங்குகிறது. படம் பிடிக்க வருபவர்களுக்கு ஏமாற்றம் தரக்கூடிய உயரம்தான்.

ஆனால் நீரின் விசையைக் கணக்கிடுகிறவர்கள் அருவியின் அழகைப் பார்ப்பதில்லை. விநாடிக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது, அது எத்தனை அடி இறங்குகிறது, இந்த இரண்டையும் பெருக்கினால் என்ன கிடைக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். பெரிய ஆற்றுக்கு முப்பது அடியே பெரும் புதையல். 1820இல் அருவியைச் சுற்றிச் சிதறிக் கிடந்தவை சில பண்ணைகள். 1850இல் அங்கே 33,000 பேர் வாழும் லோவெல் நகரம் நின்றது. அதன் தெருக்கள், கட்டடங்களின் உயரம், சட்ட ஒப்பந்தங்கள், வேலை நேரம், கடைசியில் உலகம் முழுவதும் இன்று மின்சாரம் தரும் ஓர் இயந்திரம், எல்லாமே அந்த முப்பது அடியை எப்படிப் பங்கு போடுவது என்ற கேள்வியிலிருந்து வந்தவை.

பங்கு போடப்படுவதற்கு முன்பே அருவிக்கு உரியவர்கள் இருந்தார்கள். பென்னகூக் கூட்டமைப்பைச் சேர்ந்த பழங்குடியினர் வசந்த காலம்தோறும் இங்கே கூடுவார்கள். கடலிலிருந்து முட்டையிட ஆற்றில் ஏறி வரும் சால்மன், ஷாட் போன்ற மீன்கள் பாறைகளில் தடுமாறும் இடம் இது. அவற்றைப் பிடிக்கவும், உறவுகளைச் சந்திக்கவும், சடங்குகள் நடத்தவும் இந்த இடம்தான். 1650களில் ஆங்கிலேய மதபோதகர்கள் அருகிலேயே வாமெசிட் என்ற கிறிஸ்தவப் பழங்குடி ஊரை அமைத்தார்கள். 1675, 76இல் குடியேறிகளுக்கும் பழங்குடியினருக்கும் நடந்த போருக்குப் பிறகு அந்த ஊரும் கரைந்தது, நிலம் கைமாறியது. நகரத்தின் வரலாற்றை 1821இல் தொடங்கும் வழக்கம் பல நூல்களில் உண்டு. அப்படித் தொடங்கினால் நூற்றாண்டுகளாக அருவியை நம்பி வாழ்ந்த ஒரு மக்கள் காணாமல் போய்விடுகிறார்கள்.

குடியேறிகளுக்கு முதலில் அருவி ஓர் இடைஞ்சல். மலைக்காட்டு மரங்களைத் தெப்பமாகக் கட்டிக் கடற்கரைக் கப்பல் தளங்களுக்குக் கொண்டு போகையில் பாறைகள் அவற்றைச் சிதைத்தன. 1792இல் ஒரு கம்பெனி அமைத்து, அருவியைச் சுற்றிப் போகும் பாட்டக்கெட் கால்வாயை வெட்டினார்கள். நான்கு இடங்களில் மரக்கதவுகள் கொண்ட அடைப்புகள் கட்டித் தெப்பங்களைப் படிப்படியாகக் கீழே இறக்கினார்கள். 1803இல் மிடில்செக்ஸ் கால்வாய் திறந்து பாஸ்டன் நகருக்கே நேர் வழி கிடைத்தபோது பழைய கால்வாயின் வருமானம் சுருங்கியது. அந்த நேரத்தில் இது ஒரு நொடித்த வியாபாரம், அவ்வளவே.

அதை வாங்கியவர்கள் பாஸ்டன் வணிகர்கள். அவர்களுக்கு வழிகாட்டி பிரான்சிஸ் கேபட் லோவெல். 1810 முதல் 1812 வரை பிரிட்டனில் தங்கி, அங்கு ரகசியமாகக் காக்கப்பட்ட விசைத்தறிகளைக் கண்ணால் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டு திரும்பியவர். பால் மூடி என்ற தேர்ந்த மெக்கானிக்கின் உதவியுடன் வால்தம் என்னும் ஊரில் 1814இல் ஓர் ஆலையை ஓடவைத்தார். பஞ்சு ஒரு முனையில் நுழைந்து துணியாக மறுமுனையில் வெளியே வரும்படி எல்லா வேலைகளும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. லாபம் கொட்டியது. ஆனால் வால்தத்தில் சார்லஸ் ஆற்றின் இறக்கம் பத்து அடி அளவுதான். இன்னும் இரண்டு மூன்று ஆலைகளோடு அங்கே தண்ணீர் தீர்ந்துவிடும். 1817இல் லோவெல் இறந்துவிட்டார். அவருடைய கூட்டாளிகள் பெரிய அருவியைத் தேடினார்கள். 1821 நவம்பரில், தரையில் லேசாகப் பனி படிந்திருந்த ஒரு நாளில், நேதன் ஆப்பிள்டன் உள்ளிட்ட சிலர் பாட்டக்கெட் அருவியைச் சுற்றிப் பார்த்தார்கள். நம்மில் சிலர் இங்கே 20,000 பேர் வாழும் ஊரைப் பார்க்கும்வரை உயிரோடிருக்கலாம் என்று அன்று ஒருவர் சொன்னதாக ஆப்பிள்டன் பின்னாளில் எழுதினார். அதற்குள் பண்ணைகளையும் பழைய கால்வாய்க் கம்பெனியின் பங்குகளையும், விலை ஏறாதபடி, சத்தமில்லாமல் வாங்கத் தொடங்கியிருந்தார்கள்.

கால்வாயை அகலப்படுத்தியவர்கள் அயர்லாந்துத் தொழிலாளர்கள். 1822இல் ஹியூ கம்மிஸ்கி என்பவர் தலைமையில் ஒரு குழு சார்ல்ஸ்டவுனிலிருந்து நடந்தே வந்தது. மண்வெட்டியும் கடப்பாரையும் வெடிமருந்தும்தான் கருவிகள். ஆலைகளுக்கு அழகான செங்கல் விடுதிகளைத் திட்டமிட்டவர்கள் அந்தத் தொழிலாளர்களுக்கு ஒரு வீடுகூடத் திட்டமிடவில்லை. ஊருக்கு வெளியே அவர்களே கட்டிக்கொண்ட குடிசைகளிலிருந்துதான் ‘ஏக்கர்’ என்று இன்றும் அழைக்கப்படும் பகுதி வளர்ந்தது. பின்னர் பிரெஞ்சு கனடியர்களும் கிரேக்கர்களும் வந்து தங்கியதும் பெரும்பாலும் அங்கேதான்.

இனி தண்ணீரின் கதைக்கு வருவோம். அருவிக்கு மேலே ஆற்றைத் தடுத்து, கால்வாயில் திருப்பி, ஊருக்குள் மேட்டிலேயே ஓடவிட வேண்டும். ஆறு கீழே சுற்றிக்கொண்டு போய்ச் சேரும் இடத்துக்கும் கால்வாயின் நீர்மட்டத்துக்கும் முப்பது அடி வித்தியாசம் இருக்கும். அந்த இடைவெளியில் ஆலையைக் கட்டினால் கால்வாய் நீர் ஆலையின் அடித்தளத்தில் இருக்கும் சக்கரத்தின் மேல் இறங்கி, கீழே ஆற்றில் போய்ச் சேரும். முதலில் எழுந்த மெரிமாக் கம்பெனி முழு முப்பது அடியையும் தானே எடுத்துக்கொண்டது. அதன் சக்கரம் 1823 செப்டம்பரில் சுழன்றது.

அடுத்தடுத்து வந்த கம்பெனிகளுக்கு வேறொரு வழி. அருவியை இரண்டு படிகளாக வெட்டினார்கள். மேல் மட்டக் கால்வாயிலிருந்து நீர் எடுக்கும் ஆலைக்கு 13 அடி இறக்கம். அங்கே வேலை செய்து முடித்த தண்ணீர் கழிவாகப் போகாது. கீழ் மட்டக் கால்வாயில் விழும். அதே தண்ணீரை அங்கிருக்கும் இன்னொரு ஆலை எடுத்து 17 அடி இறக்கி ஆற்றில் விடும். இப்படி ஹாமில்டன், வெஸ்டர்ன், ஈஸ்டர்ன் என்று கால்வாய்கள் ஊருக்குள் விரல்களாகப் பிரிந்தன. மொத்தம் ஒன்பது கிலோமீட்டர் அளவு. லோவெலின் வரைபடத்தைப் பார்த்தால் தெருக்கள் ஏன் இப்படி வளைகின்றன என்ற கேள்விக்குக் கால்வாய்கள்தான் பதில். தலைமடைக்காரர் விட்டால்தான் கடைமடைக்காரருக்கு நீர் என்ற நிலை இங்கே ஆலைகளுக்கு. மேல் ஆலை ஒரு நாள் நின்றால் கீழ் ஆலைக்கும் தட்டுப்பாடு. ஆகவே யார் எவ்வளவு எடுக்கலாம் என்பதைக் காகிதத்தில் எழுதியாக வேண்டியிருந்தது.

எழுதுவதற்கு அளவு வேண்டும். குதிரைத்திறனை அவர்கள் விற்கவில்லை. ‘ஆலைத்திறன்’ என்று ஒரு புது அலகையே உண்டாக்கினார்கள். வால்தத்தின் இரண்டாவது ஆலையில் 3,584 கதிர்களும் அவற்றுக்குரிய தறிகளும் ஓட எவ்வளவு தண்ணீர் தேவைப்பட்டதோ அதுதான் ஓர் ஆலைத்திறன். முழு முப்பது அடி இறக்கம் உள்ளவருக்கு விநாடிக்கு 25 கன அடி. 17 அடி மட்டும் உள்ளவருக்கு 45.5 கன அடி. 13 அடிக்காரருக்கு 60.5 கன அடி. உயரம் குறைந்தால் தண்ணீர் கூட வேண்டும். இரண்டின் பெருக்கல் ஏறத்தாழ ஒன்றாக வருவதை வாசகரே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விநாடிக்கு 25 கன அடி என்றால் ஏறத்தாழ 700 கிலோ தண்ணீர் ஒவ்வொரு விநாடியும் ஒன்பது மீட்டர் இறங்குகிறது. அதில் அடங்கிய ஆற்றல் 85 குதிரைத்திறன். அன்றைய சக்கரத்தின் இழப்புகள் போக அறுபது குதிரைத்திறன் அளவு தறிகளுக்குக் கிடைத்தது. கடைசியில் பாட்டக்கெட் அருவி முழுவதும் 139 ஆலைத்திறனும், ஓர் ஆலைத்திறனில் முப்பதில் பதினொரு பங்குமாக விற்கப்பட்டது. ஓர் ஆற்றை முப்பதின் கீழ்ப் பின்னம்வரை பிரித்து விற்ற கணக்கு இது.

சக்கரங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெரிமாக் ஆலையின் சக்கரம் முப்பது அடி விட்டம் கொண்டது. கிட்டத்தட்ட மூன்று மாடி உயரம். தண்ணீர் அதன் உச்சியில் கொட்டாது. தோள் உயரத்தில் விளிம்பிலுள்ள தொட்டிகளில் நிறையும். அந்த எடை ஒரு பக்கத்தை இழுக்கச் சக்கரம் மெதுவாகச் சுழலும். சக்கரத்தின் வளைவை ஒட்டி ஒரு மரக்கவசம் கட்டி, தண்ணீர் நடுவழியில் சிந்தாமல் அடிவரை எடை கொடுக்கும்படி செய்திருந்தார்கள். அந்தச் சுழற்சியை மாடிகளுக்குக் கொண்டு போக முதலில் இரும்புப் பற்சக்கரங்கள். 1828இல் பால் மூடி அவற்றுக்குப் பதில் அகலமான தோல் பட்டைகளைக் கொண்டு வந்தார். சத்தமும் அதிர்வும் குறைந்தன. ஒரே சக்கரத்திலிருந்து நீண்ட தண்டுகளால் விசையைத் தூரம் கொண்டு போனால் உராய்விலேயே நிறைய போய்விடும். ஆலையை நீட்டுவதைவிட மேலே மேலே அடுக்குவது லாபம். ஐந்து, ஆறு மாடிச் செங்கல் ஆலைகள் கால்வாய்க் கரையில் வரிசையாக நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தச் சக்கரங்களுக்கு இரண்டு எதிரிகள். கோடையில் தண்ணீர் போதாது. வசந்தத்தில் பனி உருகும்போது தண்ணீர் அதிகம், அதுதான் இன்னும் பெரிய தொல்லை. ஆறு பொங்கிக் கீழ் மட்டம் உயர்ந்தால், சக்கரத்தின் அடிப்பாகம் தேங்கிய நீரில் மூழ்கும். தண்ணீர் இழுக்க வேண்டிய சக்கரத்தைத் தண்ணீரே பிடித்து நிறுத்தும். ஆறு நிரம்பி ஓடும் நாளில் ஆலை நின்றுபோகும்.

அப்படி நின்ற நாளில் யாருக்கு இழப்பு? நெசவுக்காரப் பெண்களுக்குத் துணி அளவுக்கே கூலி. தறி ஓடாத நாளில் கூலி இல்லை. லோவெலின் ஆலைகளில் பெரும்பாலோர் நியூ இங்கிலாந்துப் பண்ணை வீடுகளிலிருந்து வந்த பெண்கள். பலருக்கு வயது பதினைந்திலிருந்து இருபத்தைந்து. கம்பெனி விடுதியில் தங்கல், இரவு பத்து மணிக்குக் கதவு அடைப்பு, ஞாயிறு தேவாலயம் கட்டாயம். ஆலைக் கோபுரத்தின் மணி எழுப்பும், வேலைக்கு அழைக்கும், சாப்பிட விடும், மறுபடி அழைக்கும். வேலை நேரம் சூரிய வெளிச்சத்தோடு நீண்டு சுருங்கியது. ஆண்டுச் சராசரி நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல். ஏப்ரலில் பதின்மூன்றரை மணி நேரம். நூல் உலர்ந்தால் அறுந்துவிடும் என்பதற்காக ஜன்னல்களை ஆணியடித்து மூடி வைத்தார்கள். காற்றில் ஈரமும் பஞ்சுத் தூசியும் கலந்திருக்கும். ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான தறிகளின் நாடா அடிக்கும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது.

இந்தப் பெண்களை வெறும் பலியாட்களாகப் பார்ப்பது சரியில்லை என்பது என் எண்ணம். பலருக்கு அது வாழ்வில் முதல்முறையாகச் சொந்தக் கையில் வந்த பணம். இரவில் சொற்பொழிவு கேட்டார்கள், புத்தகம் இரவல் வாங்கிப் படித்தார்கள். 1840 முதல் 1845 வரை ‘லோவெல் ஆஃபரிங்’ என்ற இதழில் அவர்களே எழுதினார்கள். 1842இல் லோவெலைப் பார்த்துவிட்டுப் போன சார்லஸ் டிக்கன்ஸ் இங்கிலாந்தின் ஆலை ஊர்களோடு ஒப்பிட்டு வியந்தார். அதே பெண்கள்தான் கூலி குறைக்கப்பட்டபோது 1834இல் வேலையை விட்டு வெளியே நடந்தார்கள். விடுதிக் கட்டணம் உயர்த்தப்பட்டபோது 1836இல் மறுபடி நடந்தார்கள். அந்த இரண்டாம் வேலைநிறுத்தத்தில் பதினொரு வயதுச் சிறுமியாகத் தன் அறையிலிருந்த எல்லோருக்கும் முன்னால் வெளியேறிய ஹாரியட் ஹான்சன் ராபின்சன், அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு அதைத் தன் நினைவு நூலில் எழுதி வைத்திருக்கிறார்.

1840களில் ஒரு நெசவுக்காரி இரண்டு தறிகளுக்குப் பதில் மூன்று, நான்கு தறிகளைக் கவனிக்க வேண்டியதாயிற்று. சாரா பாக்லி தலைமையில் பெண்கள் சங்கம் அமைத்து, பத்து மணி நேர வேலை கேட்டு ஆயிரக்கணக்கான கையெழுத்துகளுடன் மாநிலச் சட்டமன்றத்துக்கு மனு கொடுத்தார்கள். 1845இல் சட்டமன்றக் குழுவின் முன் பாக்லியும் மற்றவர்களும் சாட்சி சொன்னார்கள். வேலை நேரத்தைச் சட்டத்தால் கட்டுப்படுத்துவது தங்கள் வேலையில்லை என்று குழு முடித்துக்கொண்டது. பெண்களுக்குப் பத்து மணி நேரச் சட்டம் மாசசூசெட்ஸில் வந்தது 1874இல். விநாடிக்கு எத்தனை கன அடி என்று அரையளவுகூடத் தவறாமல் எழுதிவைத்த ஊரில், ஒரு பெண்ணின் உடம்பு எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை அளக்க முப்பது ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. லோவெலின் பொறியியலை வியக்கும்போதெல்லாம் இது என் மனத்தை உறுத்துகிறது. இன்னொன்றும் உறுத்துகிறது. அந்த ஆலைகளுக்கு வந்த பஞ்சு, தெற்கு மாநிலங்களில் அடிமைகள் கையால் பறித்தது. லோவெலில் நெய்த முரட்டுத் துணியின் ஒரு பகுதி அதே அடிமைகளுக்கு உடையாகத் திரும்பிப் போனது.

பொறியியலின் கதாநாயகர் ஜேம்ஸ் பிரான்சிஸ். ஊருக்குப் பெயர் தந்த பிரான்சிஸ் லோவெலுக்கும் இவருக்கும் உறவில்லை. 1815இல் இங்கிலாந்தில் பிறந்து, பதினெட்டு வயதில் அமெரிக்கா வந்து, 1834இல் லோவெலின் கால்வாய்க் கம்பெனியில் சேர்ந்தார். 1837இல், இருபத்திரண்டாவது வயதில், தலைமைப் பொறியாளர் ஆனார். அடுத்த நாற்பது சொச்சம் ஆண்டுகள் அந்த ஆற்றின் கணக்குப்பிள்ளையும் காவல்காரரும் அவர்தான்.

அவருக்கு முன் நின்ற முதல் சிக்கல்: ஒப்பந்தத்தில் 60.5 கன அடி என்று எழுதிவிடலாம். ஆலை உண்மையில் எவ்வளவு எடுக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கால்வாயில் ஒரு கட்டையை மிதக்கவிட்டு அதன் வேகத்தைப் பார்த்தால் ஏமாந்துபோவோம். மேற்பரப்பில் தண்ணீர் வேகமாகவும் அடியில் தரையோடு உரசி மெதுவாகவும் ஓடும். பிரான்சிஸ் நீண்ட தகரக் குழாய்களின் ஒரு முனையில் எடை வைத்து நிமிர்ந்து மிதக்கச் செய்தார். குழாயின் அடி கால்வாயின் தரையை எட்டும் தூரத்துக்கு இறங்கியிருக்கும். ஆகவே மேல், நடு, கீழ் என்று எல்லா ஆழத்தின் வேகமும் சேர்ந்து அதைத் தள்ளும். மரப்பலகை அடித்துச் சீராக்கிய ஒரு கால்வாய்ப் பகுதியில், இடமிருந்து வலமாக வரிசையாக இந்தக் குழாய்களைப் போட்டு, குறித்த தூரத்தைக் கடக்கும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துக் குறித்தார்கள். எளிய கருவிதான்; ஆனால் ஒரு கம்பெனியின் மேல் இன்னொரு கம்பெனி குற்றம் சாட்டும் இடத்தில் நம்பகமான சாட்சி அது.

கலிங்கின் மேல் வழியும் நீரை அளக்கும் ஒரு சூத்திரமும் இந்த ஊரில் பிறந்ததுதான். கூர்மையான விளிம்பு கொண்ட தடுப்பின் மேல் தண்ணீர் வழிந்தால், விளிம்புக்கு மேல் நிற்கும் நீரின் உயரத்தை மட்டும் அளந்து மொத்த ஓட்டத்தையும் சொல்லிவிடலாம். உயரம் இரண்டு மடங்கானால் ஓட்டம் இரண்டு மடங்காகாது, அதைவிட அதிகமாகும். நான்கு மடங்கானால் எட்டு மடங்கு. வழியும் நீரின் தடிப்பும் கூடுகிறது, அதன் வேகமும் கூடுகிறது என்பதுதான் காரணம். இரு ஓரங்களிலும் நீர் உட்பக்கமாகச் சுருங்குவதால் எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதையும் பிரான்சிஸ் சோதனையால் கண்டுபிடித்தார். அடிக் கணக்கில் அவர் தந்த 3.33 என்ற மாறிலி இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. தமிழ்நாட்டில் சிவில் பொறியியல் படித்த எவரும் ‘பிரான்சிஸ் சூத்திரம்’ என்று தேர்வுக்குப் படித்திருப்பார்கள். அது ஆலைகள் தண்ணீருக்குச் சண்டை போட்ட ஓர் ஊரின் நியாயத் தராசாக வந்தது என்பது பாடநூலில் இருப்பதில்லை.

இரண்டாவது சிக்கல் கால்வாயின் வேகம். ஆலைகள் பெருகப் பெருகப் பழைய கால்வாயில் நீர் விரைந்து ஓடியது. ஓட்டம் இரண்டு மடங்கானால் உராய்வில் இழக்கும் உயரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். முப்பது அடியே மூலதனமாக இருக்கும் ஊரில் ஒவ்வோர் அங்குல இழப்பும் பணம். 1847, 48இல் பிரான்சிஸ் நார்தன் கால்வாயைக் கட்டினார். நூறு அடி அகலம், ஒரு மைலுக்குச் சற்றுக் குறைந்த நீளம். ஒரு பகுதியில் அது ஆற்றை ஒட்டியே ஓடுகிறது. பெரிய கருங்கல் சுவருக்கு ஒரு பக்கம் கால்வாய் மேலே, மறுபக்கம் ஆறு கீழே. அகலமான வழியில் தண்ணீர் நிதானமாக வந்ததால் உயரம் மிச்சமாயிற்று.

மூன்றாவது, சக்கரத்தையே மாற்றுவது. பிரான்சில் பெனுவா ஃபூர்னெய்ரான் 1827இல் ஒரு டர்பைன் செய்திருந்தார். அதில் தண்ணீர் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பாய்ந்து, சுற்றியிருக்கும் வளைந்த தகடுகளைத் தள்ளும். யூரையா பாய்டன் அதை மேம்படுத்தி 1844இல் லோவெலின் ஆப்பிள்டன் ஆலையில் நிறுவினார். தண்ணீரின் ஆற்றலில் 78 சதவீதம் கிடைத்தது. 1846இல் அவர் செய்தவை 88 சதவீதத்தை எட்டின. முப்பது அடிச் சக்கரம் செய்த வேலையை ஒரு சிறு இரும்பு வளையம், வேகமாகவும், வெள்ளத்தில் மூழ்கினாலும் நிற்காமலும் செய்தது. வசந்தகால வெள்ளத்தின் பழைய தொல்லை பெருமளவு தீர்ந்தது.

பிரான்சிஸ் பாய்டனின் டர்பைன்களைச் சோதித்தார். கூடவே திசையைத் திருப்பியும் பார்த்தார். தண்ணீர் வெளிவட்டத்திலிருந்து உள்நோக்கி வந்தால் என்ன? உள்நோக்கிப் பாயும் சக்கரத்துக்கு 1838இலேயே சாமுவேல் ஹௌட் காப்புரிமை வாங்கியிருந்தார். செய்தது முரடாக இருந்தது. பிரான்சிஸ் கணக்கும் சோதனையுமாக அதைச் செதுக்கினார். 1849 வாக்கில் பூட் ஆலைக்கு அவர் வடிவமைத்தவை 80 சதவீதத்தை நெருங்கின. முதல் பார்வையில் பாய்டனுடையதைவிடக் குறைவுதான். ஆனால் இந்த வடிவத்துக்கு வளர இடம் இருந்தது. உள்நோக்கி வரும் நீருக்குப் பாதை குறுகிக்கொண்டே வருவதால் அது தகடுகளை விட்டு விலகாமல் ஒட்டி ஓடுகிறது. சக்கரம் கட்டு மீறி வேகமெடுத்தால் உள்ளிருக்கும் நீர் வெளிப்பக்கம் தள்ளி, வரும் நீரைக் குறைத்துத் தானாகவே வேகத்தை அடக்குகிறது. வேலை முடித்த நீர் நடுவில், வேகம் வடிந்து, வெளியேறுகிறது. பின்னால் வந்தவர்கள் தகடுகளை மேலும் வளைத்து, நீர் உள்ளே வந்து அச்சின் வழியே கீழே இறங்கும்படி செய்தார்கள். இன்று 90 சதவீதத்துக்கு மேல் திறன் தரும் அந்த வகைக்கு ‘பிரான்சிஸ் டர்பைன்’ என்றே பெயர். மேட்டூர் அணை மின்நிலையத்தில் சுழல்வதும் அந்த வகைதான். சீனாவின் பைஹெதான் அணையில் ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட் தரும் பதினாறு டர்பைன்கள் அதே குடும்பம். தன் சோதனைகளை எல்லாம் பிரான்சிஸ் 1855இல் ‘லோவெல் நீரியல் சோதனைகள்’ என்று பொருள்படும் தலைப்பில் நூலாக வெளியிட்டார். கம்பெனி ரகசியமாகப் பூட்டி வைத்திருக்கக்கூடிய எண்களை அச்சில் போட்டதற்காகவே அவர்மேல் எனக்குத் தனி மதிப்பு.

அவர் கட்டிய இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. 1785இன் பெருவெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்பதற்கான பழைய தடயங்களைத் தேடிப் பார்த்த பிரான்சிஸ், அதே வெள்ளம் மறுபடி வந்தால் பழைய கால்வாயின் வாய் வழியாக ஆறு நேராக ஊருக்குள் புகுந்துவிடும் என்று கண்டார். கால்வாயின் தலைப்பில், 27 அடி அகலமும் 25 அடி உயரமுமான ஒரு மாபெரும் மரக்கதவை 1850இல் தொங்கவிட்டார். அதைக் கீழே இறக்க எந்த இயந்திரமும் இல்லை. தாங்கியிருக்கும் இரும்பை உளியால் வெட்டினால் விழும், அவ்வளவுதான். ஊரார் அதைப் ‘பிரான்சிஸின் அசட்டுத்தனம்’ என்று கேலி செய்தார்கள். இரண்டே ஆண்டில், 1852 ஏப்ரலில், வெள்ளம் வந்தது. நள்ளிரவு தாண்டிய நேரத்தில் இரும்பை வெட்டினார்கள். கதவு விழுந்தது, ஊர் பிழைத்தது. 1936 மார்ச்சில் அதைவிடப் பெரிய வெள்ளம் வந்தபோதும் அதே மரக்கதவை மறுபடி இறக்கினார்கள்.

முப்பது அடியைக் கூட்ட முடியாது. ஆனால் தண்ணீரைச் சேமிக்கலாம். இரவில் ஆலைகள் நிற்கும்போது மதகுகளை மூடினால் அணைக்குப் பின்னால் ஆறு நிரம்பும். அந்தத் தேக்கம் மேல்நோக்கிப் பதினெட்டு மைல்வரை நீண்டது. அதுவும் போதாமல், 1845இல் லோவெல், லாரன்ஸ் ஊர்களின் முதலாளிகள் நியூ ஹாம்ப்ஷயரிலுள்ள வின்னிபெசாக்கி ஏரியின் வெளிவாயைக் கட்டுப்படுத்தும் உரிமையை வாங்கினார்கள். வசந்தத்தில் ஏரியை நிரப்பி, கோடையில் திறந்துவிட்டார்கள். நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஏரிக்கரை விவசாயிகளின் வயலில் தண்ணீர் நின்றது, வேறு மாநிலத்து ஆலைகள் தடையின்றி ஓடுவதற்காக. 1859இல் ஒரு கூட்டம் கோடரியும் கடப்பாரையுமாக அந்த அணையை உடைக்கப் போனது. இழப்பு யாருக்கு, ஆதாயம் யாருக்கு என்ற கேள்வி எந்த நதிநீர்ச் சண்டையிலும் எழுவதுதான். இங்கே அது ஓர் ஆலைக்காரக் கம்பெனிக்கும் உழவர்களுக்கும் நடுவே எழுந்தது.

மீன்களுக்கு மனுக் கொடுக்க வழியில்லை. லோவெலின் அணையும், கீழே லாரன்ஸில் 1848இல் முடிந்த பெரிய கல்லணையும் சேர்ந்து அவை மேலேறும் பாதையை அடைத்தன. 1839இல் படகில் இந்த ஆற்றில் போன ஹென்றி டேவிட் தோரோ பத்தாண்டு கழித்து எழுதிய பயண நூலில் ஷாட் மீன்களுக்காக வருந்தியிருக்கிறார். அந்த நூல் வந்த ஆண்டும் 1849. பிரான்சிஸின் டர்பைன் சுழலத் தொடங்கிய அதே காலம்.

பிறகு நீராவி வந்தது. நிலக்கரி எங்கே கொண்டுபோனாலும் எரியும். ஆலை அருவியைத் தேடிப் போக வேண்டியதில்லை. துறைமுக ஊர்களும், பின்னால் கூலி குறைந்த தென் மாநிலங்களும் லோவெலை முந்தின. 1920களில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. சில இடிக்கப்பட்டன. கால்வாய்களைத் தூர்த்துச் சாலை போடலாம் என்ற யோசனையும் எழுந்தது. உள்ளூர் ஆசிரியர்களும் அரசியல்வாதிகளும் சேர்ந்து அதைத் தடுத்தார்கள். 1978இல் லோவெல் தேசிய வரலாற்றுப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மலையும் காடும் இல்லாத, கால்வாயும் ஆலையும் விடுதியுமே காட்சியான பூங்கா. பூட் ஆலையின் நெசவுக்கூடத்தில் இன்றும் பழைய தறிகளை ஓட்டிக் காட்டுகிறார்கள். பார்வையாளர்களுக்குக் காதடைப்பான் கொடுக்கிறார்கள். சஃபோக் ஆலையில் ஒரு டர்பைன் கால்வாய் நீரில் சுழல்வதைப் பார்க்கலாம். 1980களில் நார்தன் கால்வாயின் நீரை எடுத்து மின்சாரம் செய்யும் நிலையம் வந்தது. அதோடு மீன்களை அணைக்கு மேல் ஏற்றிவிடும் தூக்கியும் வந்தது. ஷாட்டும் ஹெர்ரிங்கும் மறுபடி மேலே போகின்றன, பழைய எண்ணிக்கையில் இல்லை என்றாலும்.

அதே 1980களில் கம்போடியாவில் போல் பாட் ஆட்சியிலிருந்து தப்பிய அகதிகள் லோவெலுக்கு வந்தார்கள். அயர்லாந்துக்காரர்கள் குடிசை போட்ட ஏக்கர் பகுதியிலும் பக்கத்திலும் குடியேறினார்கள். இன்று அமெரிக்காவின் மிகப்பெரிய கம்போடியச் சமூகங்களில் ஒன்று இங்கேதான். மேக்கோங் ஆற்றோடு வாழ்ந்தவர்கள் அவர்கள். 1997 முதல் கோடையில், பாட்டக்கெட் அருவிக்குச் சற்று மேலே, அணை தேக்கி நிறுத்திய அமைதியான நீரில், கம்போடிய, லாவோஸ் குடும்பங்கள் சேர்ந்து நீர்த் திருவிழா நடத்துகின்றன. நீண்ட படகுகளில் அணி அணியாகத் துடுப்பு வலித்துப் போட்டி போட்டுக்கொண்டு போகிறார்கள். ஆலைகளுக்காகத் தேக்கிய நீரில் நடக்கும் அந்தப் போட்டியைப் பார்க்கக் கரையில் ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள்.